வீரமாமுனிவர்: தமிழுக்கு இலக்கணம் எழுதிய இத்தாலியக் குரு

விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த கதையும், பங்குப் பணியாளர்களின் பட்டியலும், வாழ்த்துரைகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு, நம் தமிழகத் திருச்சபைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவருடைய வாழ்க்கையையும் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவ்வகையில் தைரியநாதர் என்றும் வீரமாமுனிவர் என்றும் தமிழ் மக்கள் அன்போடு அழைத்த கொன்ஸ்தாந்தீனோ ஜுசேப்பே பெஸ்கி அடிகளாரின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

அவர் தேம்பாவணி பாடியதை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். சென்னைக் கடற்கரையில் நிற்கும் அவருடைய சிலையையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் செய்த பணிகளில் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு மொழியின் வாக்கியம் எப்படி அமைகிறது என்பதை வேறொரு மொழிக்காரனுக்கு விளங்க வைப்பதே அந்தப் பணி. அவர் எழுதிய இலக்கண நூல்களின் உயிர் அதுதான். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் வாழும் நமக்கு அது அந்நியமான பொருள் அன்று. புதுவாயல் கூட்டுச் சாலையில் காலை நேரத்தில் நின்று பார்த்தாலே தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். வீட்டுக்குள்ளே நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆகவே மொழி கற்பதன் பாடும் பயனும் நாம் அறிந்ததே.

பிறப்பும் அழைத்தலும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்ற ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பெஸ்கி பிறந்தார். இதே ஊர்தான் புனித ஞானப்பிரகாசியாருக்கும் பிறந்த ஊர். அந்தப் புனிதர் 1568இல் பிறந்து, கொள்ளை நோயாளருக்குத் தொண்டு செய்து, 1591இல் இருபத்து மூன்றாம் வயதில் ரோமையில் உயிர் துறந்தவர். அவருடைய ஊரில் வளர்ந்த சிறுவனுக்கு இயேசு சபை அறியாத பெயர் அன்று. 1698ஆம் ஆண்டு பெஸ்கியும் அச்சபையில் சேர்ந்தார். போலோஞ்ஞா நகரில் இறையியல் பயின்று குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளில் மதுரை மறைப்பணித்தளத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கடிதங்கள் இளம் குருக்களின் உள்ளத்தைக் கவர்ந்து வந்தன. 1606இல் மதுரைக்கு வந்து தமிழ்த் துறவியாகவே வாழ்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி அடிகளாரும், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் அவ்வழியில் முன் சென்றவர்கள். பெஸ்கியும் அத்தளத்தையே விரும்பிக் கேட்டார். லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறி 1710இல் கோவா வந்து சேர்ந்தார். 1711இல் தமிழ் மண்ணில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

மரணத்தின் விளிம்பில்

பெஸ்கி அடிகளார் தொடக்கத்தில் தென்பாண்டிச் சீமையில் பணியாற்றினார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டி அவருடைய நினைவைப் போற்றும் ஊர்களில் ஒன்று. 1714–15ஆம் ஆண்டுகளில் குருக்கள்பட்டி என்னும் ஊரில் அவருக்குப் பெரும் சோதனை வந்தது. எதிர்ப்பாளர்களின் தூண்டுதலால் சிறைப்பட்டு, மரண தண்டனைக்கு ஆளாகும் நிலைக்கு வந்து, மயிரிழையில் உயிர் தப்பினார்.

இந்த நிகழ்ச்சியை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டுக்குப் புதியவர். பேச்சு இன்னும் பழகவில்லை. தம்மீது சொல்லப்படும் குற்றம் என்ன, தாம் சொல்லும் பதில் எப்படிக் கேட்பவர் காதில் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள மொழி ஒன்றே துணை. ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருவர் கண்ணீரோடு சொல்வதைத் தவறாக விளங்கிக்கொள்ளும் குருவால் என்ன ஆறுதல் தர முடியும்? சாகும் நிலையில் உள்ளவர் சொல்லும் கடைசிச் சொல் புரியாவிட்டால் என்ன செய்வது? ஆகவே தமிழ் அவருக்குப் பொழுதுபோக்குக்கான கல்வியாக இருக்கவில்லை. மறைப்பணி நிலைப்பதும் அழிவதும் அதைப் பொறுத்தே இருந்தது.

உயிர் பிழைத்த பின் அவர் தமிழை ஆழமாகக் கற்றார். சுப்ரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் பாடம் கேட்டார் என்பது மரபு வழிச் செய்தி. தம் பெயரையும் தமிழாக்கினார். கொன்ஸ்தாந்தீனோ என்பதன் பொருளை ஒட்டித் தைரியநாதர் ஆனார். தமிழ்ப் புலவர்கள் அதனையே வீரமாமுனிவர் என்று செந்தமிழாக்கினார்கள். காவியுடையும் மரக்கறி உணவும் ஏற்றுத் தமிழ்த் துறவியின் கோலத்தில் அவர் வாழ்ந்ததை, அவருடைய வரலாற்றை முதன்முதலில் தமிழில் எழுதிய புதுவை வித்துவான் முத்துசாமிப் பிள்ளை விவரித்திருக்கிறார். சந்தா சாகிபிடம் அவர் திவான் பதவி பெற்றார் என்ற கதையும் அந்நூலின் வழியாகவே பரவியது. பின்வந்த ஆராய்ச்சியாளர் அதை ஏற்கவில்லை. பதவிக் கதை இல்லாமலே அவருடைய பெருமை குறையாமல் நிற்கிறது.

இத்தாலியமும் தமிழும்

இத்தாலிய மொழி பேசி வளர்ந்த ஒருவருக்குத் தமிழ் வாக்கியம் எப்படித் தோன்றியிருக்கும்? இதைச் சிறிது விளக்கமாகப் பார்ப்போம். ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

நாம் "பேசுகிறேன்" என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். "நான்" என்பதைச் சொல்லாவிட்டாலும் பேசுபவர் யார் என்பது வினையின் ஈற்றிலேயே விளங்கிவிடும். ஆங்கிலத்தில் அப்படி இயலாது. "ஐ" என்ற எழுவாய் முன்னே நின்றே ஆக வேண்டும். ஆனால் இத்தாலியம் இந்த இடத்தில் நம் பக்கம் நிற்கிறது. "பார்லோ" என்றால் பேசுகிறேன். "பார்லி" என்றால் பேசுகிறாய். "பார்லா" என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். எழுவாய் வேண்டியதில்லை. ஆகவே ஆங்கிலேயர் ஒருவர் இத்தாலியம் கற்க வந்தால் முதலில் அவர் தடுக்கி விழும் இடம் இதுவே. வினையின் கடைசி எழுத்தைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தமிழர்களாகிய நமக்கோ அது தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. "எனக்கு இது பிடிக்கும்" என்கிறோம். பிடித்த பொருளே எழுவாயாக நிற்கிறது. விரும்புகிறவர் "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிக்கொள்கிறார். இத்தாலியத்தில் "மி பியாச்சே" என்பார்கள். "மி" என்றால் எனக்கு. "பியாச்சே" என்றால் பிடிக்கிறது. அமைப்பு அப்படியே நம்முடையது! ஆங்கிலத்திலோ "நான் விரும்புகிறேன்" என்ற பாங்கில்தான் சொல்ல வேண்டும். ஆகவே ஆங்கிலம் பேசும் மாணவர் இத்தாலியத்தில் இந்த ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிக் கற்க வேண்டியிருக்கிறது.

ஓசையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. "எடு" என்பதும் "எட்டு" என்பதும் நமக்கு வேறு. ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். இத்தாலியத்திலும் அவ்வாறே. "நோனோ" என்றால் ஒன்பதாவது. "நொன்னோ" என்றால் தாத்தா. இந்த வேறுபாடு ஆங்கிலக் காதுக்கு எளிதில் பிடிபடாது. பெஸ்கியின் காதோ பிறந்த நாள் முதல் அதற்குப் பழகியது.

ஆனால் எல்லாமே இப்படி எளிதாக இருக்கவில்லை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். "நேற்று அம்மா சந்தையில் மீன் வாங்கினாள்" என்பதில் "வாங்கினாள்" வரும்வரை காத்திருக்க வேண்டும். இத்தாலியரும் ஆங்கிலேயரும் எழுவாய்க்கு அடுத்தே வினையைப் போட்டுவிட்டு, மற்றவற்றைப் பின்னால் அடுக்குவார்கள். "வீட்டில்" என்று நாம் உருபைப் பின்னால் ஒட்டுகிறோம். "இன் காசா" என்று இத்தாலியர் முன்னால் வைக்கிறார்கள். "சிவந்த பூ, சிவந்த பூக்கள்" என்று சொல்லும்போது நம் பெயரடை மாறுவதே இல்லை. இத்தாலியத்தில் "ரோஸ்ஸோ, ரோஸ்ஸா, ரோஸ்ஸி, ரோஸ்ஸே" என்று ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை பார்த்து மாறும்; பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது பெயரெச்சம். "நேற்று வந்த மனிதர்" என்று மூன்று சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். ஐரோப்பியரோ "மனிதர், எவர் நேற்று வந்தாரோ அவர்" என்ற முறையில் இணைப்புச் சொல் ஒன்றைத் தேடுவார்கள். அத்தகைய இணைப்புச் சொல் இல்லாமல் வினையே பெயரைத் தழுவி நிற்கும் அழகு அவர்களுக்குப் புதிது. பழைய மறைநூல் தமிழில் "யாதொருவன்", "எவனோ அவன்" என்ற நடை மிகுந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்த மேட்டைக் கடக்க பெஸ்கிக்கு இலத்தீன் துணை செய்தது. இலத்தீனிலும் பெயர்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். வினை பெரும்பாலும் கடைசியில் வரும். இத்தாலியத்தின் ஒரு கரையிலிருந்து தமிழின் மறுகரைக்குப் போக, இலத்தீன் அவருக்குப் பாலமாயிற்று. அவருக்குப் பின் வருபவர்கள் இத்தாலியராகவும் போர்த்துக்கீசியராகவும் பிரெஞ்சுக்காரராகவும் இருப்பார்கள். எல்லோருக்கும் பொது மொழி இலத்தீன்தான். ஆகவே அவர் தம் இலக்கணங்களை இலத்தீனிலேயே எழுதினார்.

பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம்

ஐரோப்பியர் தமிழுக்கு இலக்கணம் எழுதியது அவர் காலத்தில் தொடங்கியதன்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறையில் பணிபுரிந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சிட்டவரும் அவரே. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு எழுதிய இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. எனினும் பெஸ்கி கண்ட ஒரு உண்மையை அவரைப் போல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அதற்கு முன் இல்லை.

அந்த உண்மை இதுதான். தமிழ் ஒன்றாயினும் அதற்கு இரு நடைகள் உண்டு. புலவர் நூலில் எழுதுவது ஒன்று. மக்கள் வாயில் வழங்குவது மற்றொன்று. முன்னது செந்தமிழ், பின்னது கொடுந்தமிழ். கொடுமை என்றால் இங்கே தீமை அன்று, வளைவு. நேராய் நிற்பது செம்மை. வளைந்து கொடுப்பது கொடுமை. புலவர்கள் செந்தமிழுக்கு மட்டுமே இலக்கணம் வகுத்தார்கள். மக்கள் பேச்சுக்கு இலக்கணம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் குருவுக்குத் தேவைப்படுவது முதலில் அந்த மக்கள் பேச்சுதான்.

ஆகவே 1728இல் அவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை எழுதி முடித்தார். எழுத்து, பெயர், வினை என்று படிப்படியாகச் சென்று, சொற்கள் வாக்கியமாகச் சேரும் முறையையும் அதில் விளக்கினார். 1730இல் செந்தமிழ் இலக்கணத்தை எழுதினார். அதே காலத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கத்தைத் தமிழிலேயே நூற்பா வடிவில் இயற்றினார். வெளிநாட்டாருக்கு ஒரு படி, தமிழ்ப் புலவருக்கு ஒரு படி என்று இரு வாசல்களிலும் அவர் விளக்கேற்றி வைத்தார்.

வெளிநாட்டார் தடுமாறும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. இத்தாலியத்தில் "நோய்" என்ற ஒரே சொல். ஆங்கிலத்தில் "வீ" என்ற ஒரே சொல். தமிழிலோ "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. கேட்பவரையும் சேர்த்தால் நாம். அவரை விட்டுப் பேசினால் நாங்கள். மறையுரையில் குரு மக்களைப் பார்த்து "நாம் பாவிகள்" என்று சொல்ல வேண்டும். "நாங்கள் பாவிகள்" என்றால் கேட்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்! ஆனால் இறைவனைப் பார்த்துச் செபிக்கும்போது "நாங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்கள்" என்று சொல்வதும் அதனாலேயே. நாம் நாள்தோறும் யோசிக்காமல் சொல்லும் ஒரு சொல்லுக்குள் இவ்வளவு நுட்பம் இருக்கிறது. அதைக் கற்றுத்தான் ஒரு வெளிநாட்டுக் குரு பீடத்தில் ஏற வேண்டியிருந்தது.

மரியாதைச் சொல்லும் அப்படியே. "நீ, நீர், நீங்கள்" என்று ஆளுக்கேற்ப நாம் மாற்றுகிறோம். இத்தாலியத்திலும் நெருங்கியவருக்கு ஒரு சொல், மதிக்கத்தக்கவருக்கு வேறு சொல் உண்டு. பன்மைச் சொல்லால் ஒருவரை மதித்து அழைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆங்கிலத்தில் இன்று எல்லோருக்கும் "யூ" ஒன்றுதான். ஆகவே வயதில் மூத்தவரை "நீ" என்று ஆங்கிலேயர் ஒருவர் அழைத்துவிட்டால் அது செருக்கால் வந்ததென்று கொள்ளக்கூடாது. பாடம் இன்னும் முடியவில்லை என்று கொள்ள வேண்டும்.

ஒரு கொம்பின் கதை

அந்நாளில் தமிழ் ஓலையில் எழுதப்பட்டது. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில் என்பது பழைய விதி. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் "எரி" என்பதும் "ஏரி" என்பதும் ஒன்றாகத் தோன்றின. "கெட்டான்" என்பதும் "கேட்டான்" என்பதும் ஒன்றாகத் தோன்றின. தமிழர் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். புதிதாகக் கற்பவருக்கு அது எப்படி முடியும்?

இதற்கு வீரமாமுனிவர் வழி கண்டார். எகரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து ஏகாரம் ஆக்கினார். ஒகரத்துக்குக் கீழே சுழி சேர்த்து ஓகாரம் ஆக்கினார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பு ஆக்கினார். இந்தச் சீர்திருத்தம் மரபாக அவர் பெயரிலேயே வழங்கி வருகிறது. கும்மிடிப்பூண்டிப் பேருந்தின் பெயர்ப்பலகை முதல் நம் செபப் புத்தகம் வரை, ஏகாரமும் ஓகாரமும் வரும் இடமெல்லாம் அந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டு படிக்கிறோம். கற்கும் ஒருவருடைய இடர்ப்பாட்டை நினைத்துச் செய்த உதவி, தாய்மொழியாளர் அனைவருக்கும் உதவியாக முடிந்தது.

அகராதியும் சிரிப்பும்

1732இல் அவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் உடையதால் அப்பெயர் பெற்றது. அதற்கு முன் தமிழில் சொற்பொருள் கூற நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளாக இருந்ததால் மனப்பாடம் செய்தவருக்கே பயன்பட்டன. அகர வரிசையில் சொல்லைத் தேடி எடுக்கும் எளிய முறையைச் சதுரகராதி நமக்குத் தந்தது. இதைத் தவிர தமிழ்–இலத்தீன் அகராதியும், போர்த்துக்கீசியம்–தமிழ்–இலத்தீன் அகராதியும் அவர் உழைப்பால் உருவாயின. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

இலக்கணமும் அகராதியும் மட்டும் போதா, படித்துப் பழக ஒரு கதை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பரமார்த்த குருவின் கதை அவ்வாறு பிறந்ததே. பேச்சுத் தமிழில் எழுதிய இந்த நகைச்சுவைக் கதையை அவர் தம் தமிழ்–இலத்தீன் அகராதியோடு சேர்த்து வைத்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களுடைய குருவும் செய்யும் கூத்துகளை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? ஆற்றைக் கடந்து கரையேறியதும் அவர்கள் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிற ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறார். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று எல்லோரும் ஓலமிட்டு அழுகிறார்கள். சிரித்துக்கொண்டே படிக்கும் வெளிநாட்டு மாணவர், தம்மை அறியாமலே தமிழ் வாக்கியத்தின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்வார். பாடத்தைச் சிரிப்போடு தர வேண்டும் என்று அறிந்தவர் நல்ல ஆசிரியர் அன்றோ?

மேய்ப்பரும் கவிஞரும்

இவ்வளவு நூல்களுக்கும் நடுவே அவர் மேய்ப்புப் பணியைக் கைவிடவில்லை. கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே அடைக்கல மாதாவின் திருத்தலத்தை வளர்த்தார். விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் பக்தியைப் பரப்பினார். திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை முதலிய சிற்றிலக்கியங்களைப் பாடினார். உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை 1727இல் எழுதினார்.

1726இல் நிறைவுற்ற தேம்பாவணி அவருடைய மணிமுடி. சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் உடையதாக அமைந்தது. சூசை என்னும் பெயரை அதன் பொருளறிந்து வளன் என்றும், திருமுழுக்கு அருளப்பரைக் கருணையன் என்றும் தமிழாக்கினார். தாமே அதற்கு உரையும் எழுதினார்.

எதிரணியின் அச்சுக்கூடம்

இனி, வியப்பான ஒரு செய்தி. வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடி லுத்தரன் மறைப்பணியாளருக்கும் கடுமையான வாதப் போர் நடந்தது. வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்கள் அந்த வாதத்தில் எழுந்தவை. இரு தரப்பிலும் சொற்கள் சூடாகவே இருந்தன. ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான்! கொள்கையில் மாறுபட்டவர்களும் நூலின் பயனை ஒப்புக்கொண்டார்கள். பிரிந்த சகோதரர்களோடு நல்லுறவு பாராட்டும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வழிகாட்டியதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முன்பே, ஓர் இலக்கணப் புத்தகம் அந்தச் சுவரில் ஒரு சாளரம் திறந்துவிட்டது.

இறுதி நாட்களில் வீரமாமுனிவர் இன்றைய கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பழக்காட்டில் தங்கினார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார். ஓரியூரில் அருளானந்தர் இரத்தம் சிந்திய அதே தேதி! அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. இத்தாலியில் வாழ்ந்த ஆண்டுகளைவிட இந்திய மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளே அதிகம்.

மறைவுக்குப் பின்

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அவருடைய ஏட்டுச் சுவடிகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவை அழிந்துபோகாமல் காத்ததில் சென்னைக் கோட்டைக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. கும்பினி அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் தொடங்கிய கல்லூரி அது. அதனை நிறுவிய எல்லிஸ் துரையின் ஏற்பாட்டில் முத்துசாமிப் பிள்ளை தென்னாடு சென்று முனிவரின் நூல்களைத் தேடினார். 1822இல் செந்தமிழ் இலக்கணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு பாபிங்டன் என்பவரால் சென்னையில் வெளிவந்தது. அவரே பரமார்த்த குருவின் கதையையும் அதே ஆண்டில் ஆங்கிலத்தோடு லண்டனில் பதிப்பித்தார். சதுரகராதி 1824இல் அச்சேறியது. கொடுந்தமிழ் இலக்கணம் 1831இல் ஆங்கிலமாகிச் சென்னை வேப்பேரியில் அச்சாயிற்று. ஐந்திலக்கணத்துக்கு அவர் இலத்தீனில் எழுதிய திறவுகோல் 1876இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஐயரும் முனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் தம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். ஆக, ஓர் இத்தாலியர் இலத்தீனில் எழுதிய இலக்கணம், ஆங்கிலம் பேசுவோருக்குத் தமிழ் வாக்கியத்தைக் கற்றுத் தந்தது!

1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் வீரமாமுனிவருக்கும் சிலை எடுத்துத் தமிழகம் நன்றி செலுத்தியது.

நாம் கற்க வேண்டியது

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த வாழ்க்கை நமக்குச் சில பாடங்களைத் தருகிறது.

முதலாவது, மாணவப் பிள்ளைகளுக்கு. ஆங்கிலம் வரவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். உங்கள் தாய்மொழியின் வாக்கியம் எப்படி அமைகிறது என்பதை முதலில் கவனியுங்கள். எழுவாய் எங்கே, வினை எங்கே, உருபு முன்னா பின்னா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீரமாமுனிவர் கற்ற வழி அதுதான். முப்பது வயதுக்கு மேல் தொடங்கிய ஒருவர் தமிழில் காப்பியம் பாடினார் என்றால், பத்து வயதில் தொடங்கும் உங்களால் ஒரு மொழியைக் கற்க முடியாதா?

இரண்டாவது, பெற்றோருக்கு. பிள்ளைக்கு எத்தனை மொழி தெரியும் என்று பெருமையோடு எண்ணும்போது, பரமார்த்த குருவின் சீடர்களைப் போல நம் சொந்த மொழியை எண்ணிக்கையில் விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் வந்துவிட்டது, இந்தி வந்துவிட்டது. தமிழ் எழுதத் தெரியவில்லை என்றால் ஆறு விழுங்கியது யாரை என்று சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த வடநாட்டுச் சகோதரர்கள் கடையில் நின்று பாதித் தமிழில் பேசும்போது நாம் சிரிக்கிறோம். "நான் போறான்" என்று ஒருவர் சொன்னால் நமக்கு வேடிக்கை. ஆனால் வினையின் ஈறு எழுவாயோடு பொருந்த வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? குருக்கள்பட்டியில் உயிருக்கு மன்றாடிய நாளில் தைரியநாதரின் தமிழும் இப்படித்தான் தடுமாறியிருக்கும். அவருக்குப் பொறுமையோடு சொல் சொல்லித் தந்த பெயர் தெரியாத தமிழர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்கள் சிரித்து விலகியிருந்தால் தேம்பாவணி நமக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே, ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும் அந்தப் புதிய முகத்தோடு நின்று, மெதுவாக, திருத்தமாக நாலு வார்த்தை தமிழ் பேசுவோம். இந்த விழா ஆண்டில் நம் பங்கு அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமாகட்டும். ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவம் தந்த முனிவருக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறு ஏது?

வாழ்க தமிழ்! வளர்க நம் பங்கு!